ஓட்டையின் உயரம்

2011 மார்ச் 11, இரவு 9.19 மணி. ஃபுகுஷிமா டாய்-இச்சி அணுமின் நிலையத்தில் முதல் உலையின் கட்டுப்பாட்டு அறை. சுனாமி நீர் மின்பலகைகளையும் பேட்டரிகளையும் மூழ்கடித்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கைவிளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. வளாகத்தில் நின்ற பேருந்துகளிலிருந்தும் கார்களிலிருந்தும் பேட்டரிகளைக் கழற்றிச் சுமந்துவந்த ஊழியர்கள், கருவிப் பலகையின் பின்புறம் அவற்றை இணைத்தார்கள். செத்துக் கிடந்த நீர்மட்டமானிக்கு உயிர் வந்தது. எரிபொருளின் உச்சிக்கு மேல் 200 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்பதாக அது காட்டியது.

அடுத்த அரை மணி நேரத்தில் உலைக் கட்டடத்துக்குள் கதிர்வீச்சு ஏறியது. 9.51 மணிக்கு, யாரும் உள்ளே போகக்கூடாது என்று நிலையத்தின் தலைவர் மசாவோ யோஷிதா உத்தரவிட்டார். எரிபொருள் தண்ணீருக்குள் பத்திரமாக இருந்தால் கதிர்வீச்சு ஏன் ஏறுகிறது? மானி ஒன்றைச் சொன்னது, கட்டடம் வேறொன்றைச் சொன்னது. நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் இரண்டு மாதம் கழித்துக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. நிலநடுக்கம் வந்து மூன்று மணி நேரத்திலேயே எரிபொருளின் உச்சி நீருக்கு வெளியே வந்துவிட்டது. நான்காவது மணி நேரத்தில் அது சிதையத் தொடங்கியது. அதாவது, 9.19 மணிக்கு மானி விழித்துக்கொண்டு ஆறுதல் சொன்னபோது எரிபொருள் ஏற்கெனவே உருகிக்கொண்டிருந்தது.

அந்தப் பொய் எப்படிப் பிறந்தது என்பதை விளங்கிக்கொள்ள மானியின் உள்ளே போக வேண்டும். 70 வளிமண்டல அழுத்தத்தில் நீர் கொதிக்கிற எஃகுக் கலத்துக்குள் அளவுகோலை விட்டுப் பார்க்க முடியாது. எனவே பொறியாளர்கள் இரண்டு நீர்த்தம்பங்களை ஒப்பிடுகிறார்கள். ஒன்று, கலத்துக்கு வெளியே செங்குத்தாக இறங்கும் மெல்லிய குழாய். அதன் தலையில் ஒரு சிறு அறை உண்டு. கலத்திலிருந்து வரும் நீராவி அங்கே குளிர்ந்து நீராகிக் குழாயை எப்போதும் நிரப்பி வைத்திருக்கும். மற்றொன்று கலத்தின் கீழ்ப்பகுதியோடு இணைந்தது. கலத்து நீர் ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். இரண்டின் அடியிலும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒரு கருவி உணர்ந்து மட்டமாக மாற்றிக் காட்டுகிறது. வேறுபாடு சிறிதானால் கலத்தில் நீர் நிறைய இருக்கிறது என்று பொருள். பெரிதானால் குறைந்துவிட்டது என்று பொருள்.

இந்தக் கணக்கு முழுவதும் முதல் குழாய் நிறைந்தே இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. குழாயோ உலைக்கலத்தைச் சூழ்ந்த காப்புக்கலனுக்குள்தான் ஓடுகிறது. விபத்தின்போது காப்புக்கலனுக்குள் வெப்பம் ஏறி, கலத்தின் அழுத்தமும் விழுந்தால், ஒப்பீட்டுக்காக வைத்த அந்த நீரே கொதித்து ஆவியாகிவிடும். இரண்டு தம்பங்களும் தாழ்ந்துபோனால் வேறுபாடு குறையும். மானி அதை "நீர் நிறைய இருக்கிறது" என்று படிக்கும். அதோடு, கலத்து நீர் கீழ் இணைப்புக்கும் கீழே போய்விட்டால், அதன்பின் எவ்வளவு இறங்கினாலும் முள் அசையாது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அது எந்த உலகத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்த உலகம் அன்று மாலையே இல்லாமல் போயிருந்தது.

இதற்கு முன்னோடி உண்டு. 1979 மார்ச் 28 விடியற்காலை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்டு இரண்டாவது உலை. அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடி சிக்கிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீரை வெளியேற்றியது. அந்த உலையில் கலத்து நீர்மட்டத்தை நேரடியாகக் காட்டும் மானியே கிடையாது. பக்கத்தில் இருந்த அழுத்தச் சீராக்கித் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துத்தான் கலத்தின் நிலையை ஊகித்தார்கள். கலத்தில் ஆவி திரண்டபோது நீர் அந்தத் தொட்டிக்குள் தள்ளப்பட்டு, தொட்டி நிறைந்ததாகக் காட்டியது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நம்பிய இயக்குநர்கள் அவசர நீர்ப்பாய்ச்சலைக் குறைத்தார்கள். எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகியது. அது அவர்களுக்குக்கூட உடனே தெரியவில்லை. 1982 ஜூலையில் கலத்துக்குள் சிறு கேமரா ஒன்றை இறக்கியபோதுதான், எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தின் மேற்பகுதியில் ஒன்றரை மீட்டர் அளவுக்கு வெறும் வெளியும், அதன் கீழே இடிபாட்டுக் குவியலும் தெரிந்தன. அதற்குள் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம், உலைக்கலத்தின் குளிர்ச்சி குறைவதைக் காட்டும் கருவிகளும், காப்புக்கலனின் நீர்மட்டத்தைப் பெரிய வீச்சில் அளக்கும் கருவிகளும் வேண்டும் என்று விதி வகுத்திருந்தது. அமெரிக்காவின் அழுத்த நீர் உலைகள் சிலவற்றில் சூடேற்றிய வெப்பமானிகள் இப்படித்தான் நுழைந்தன. நீருக்குள் இருந்தால் அவற்றின் முனை சட்டென்று குளிரும். ஆவிக்குள் இருந்தால் சூடேறி நிற்கும். ஃபுகுஷிமாவில் இருந்தவை போன்ற கொதிநீர் உலைகள் பழைய இரட்டைத் தம்ப முறையிலேயே நின்றன.

தண்ணீர் எவ்வளவு என்று தெரியாதபோது தவறு எதிர்ப்பக்கமும் சாயலாம். 2011 மார்ச் 16 அன்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் கிரெகரி யாஸ்கோ, நான்காவது உலைக் கட்டடத்தில் பயன்படுத்திய எரிபொருள் கிடந்த குளத்தில் தண்ணீரே இல்லை என்று தங்கள் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். ஜப்பான் 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றியிருந்தது. அமெரிக்கா தன் குடிமக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொன்னது. 1,535 எரிபொருள் கட்டுகள் கிடந்த அந்தக் குளம் வற்றவே இல்லை. அதே நாள் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தவர்களுக்கு நீர்ப்பரப்பு தென்பட்டது. பராமரிப்புக்காகப் பக்கத்துக் குழியில் நிரப்பி வைத்திருந்த நீர், தடுப்புக் கதவின் இடுக்கு வழியாகக் குளத்துக்குள் கசிந்து வந்ததும் கைகொடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், குளத்தின் மட்டத்தைக் காட்டும் நம்பகமான கருவி ஒவ்வோர் அணுமின் நிலையத்திலும் வேண்டும் என்று அமெரிக்க ஆணையம் உத்தரவிட்டது. ஒரு குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒரு பேரழிவு தேவைப்பட்டிருக்கிறது.

முதல் உலைக்குத் திரும்புவோம். மார்ச், ஏப்ரல் முழுவதும் அதன் மானி ஏறத்தாழ ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது: எரிபொருளின் உச்சிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்றே கீழே. உலையைக் குளிர்விக்க ஊற்றும் நீரைக் கூட்டினாலும் குறைத்தாலும் முள் அசையவில்லை. அசையாத முள்ளை அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு பெரிய திட்டம் தீட்டினார்கள். காப்புக்கலன் முழுவதையும் நீரால் நிரப்பி, உலைக்கலத்தை அதற்குள் மூழ்கவைத்து குளிரச்செய்வது. ஜப்பானில் அதற்கு "நீர்ச் சவப்பெட்டி" என்று பேர் வைத்தார்கள். மே 5 அன்று ஊழியர்கள் மறுபடி கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். பிறகு மானியின் ஒப்பீட்டுக் குழாயைச் சரிசெய்தபோது மே 12 அன்று உண்மை வெளிவந்தது. நீர் எரிபொருளின் உச்சிக்கு 5 மீட்டருக்கும் கீழே இருந்தது. எரிபொருள் கோலின் உயரமே சுமார் 4 மீட்டர்தான். ஆக, கலத்துக்குள் எரிபொருள் தன் இடத்தில் நின்றிருந்தால் முழுவதும் வெளியே நின்றிருக்கும். நிற்கவில்லை, உருகி விழுந்துவிட்டது. ஓரிரு நாளில் கட்டடத்தின் அடித்தளத்தில் நான்கு மீட்டருக்கு மேல் ஆழத்தில் நீர் தேங்கியிருப்பதைக் கண்டார்கள். காப்புக்கலனுக்குள் ஊற்றியதெல்லாம் அங்கேதான் போயிருந்தது. நீர்ச் சவப்பெட்டித் திட்டம் கைவிடப்பட்டது.

இனி அளக்க வேண்டியது காப்புக்கலனின் மட்டம். ஃபுகுஷிமாவின் முதல் நான்கு உலைகளில் காப்புக்கலன் இரண்டு பகுதியாக இருந்தது: உலைக்கலத்தைச் சூழ்ந்து, உருண்டையான அடியும் மேலே ஒடுங்கிய கழுத்துமாக நிற்கும் எஃகுக் கூடு, அதன் காலடியைச் சுற்றி, பெருங்குழாய்களால் அதோடு இணைந்த வளையத் தொட்டி. விபத்து நேரத்தில் ஆவியைத் தண்ணீருக்குள் செலுத்தி அடக்குவதற்காக வளையத் தொட்டியில் எப்போதும் பாதியளவு நீர் இருக்கும். அங்கே மானிகள் இருந்தன. வெப்பத்திலும் கதிர்வீச்சிலும் அவை கைவிட்டுவிட்டன. கூட்டின் அடித்தளத்தில் உருகிய எரிபொருள் கிடக்கும் இடத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று கேட்டால் சொல்ல யாரும் இல்லை.

2012 ஜனவரியில் இரண்டாவது உலையில், காப்புக்கலனின் சுவரை ஊடுருவும் குழாய் ஒன்றில் துளையிட்டு, தொழிற்சாலைகளில் பயன்படும் எண்டோஸ்கோப் கேமரா ஒன்றை உள்ளே செலுத்தினார்கள். கதிர்வீச்சு கேமராவின் சில்லைத் தாக்கியதால் படம் முழுக்க வெண்புள்ளிகள் தெறித்தன. அவற்றினூடே துருப்பிடித்த சுவரும், மேலிருந்து மழைபோலச் சொட்டும் நீரும் தெரிந்தன. தண்ணீர்ப் பரப்பு மட்டும் தெரியவில்லை. தரையிலிருந்து 4.5 மீட்டர் அளவில் நீர் நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். கேமரா அந்த ஆழம்வரை போயும் வெறும் ஆவிதான். மார்ச்சில் நீளமான கேமராவோடு மறுபடி போனார்கள். தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் நீர்ப்பரப்பு பளபளத்தது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ். மறுநாள் உள்ளே அளந்த கதிர்வீச்சு மணிக்கு 72.9 சீவெர்ட், அங்கே ஏழு நிமிடம் நிற்பவர் பிழைக்க வழியில்லை.

ஓயாமல் நீர் ஊற்றியும் மட்டம் ஏன் 60 சென்டிமீட்டரில் நிற்கிறது? ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் ஓட்டையின் உயரத்திலேயே நிற்கும். காப்புக்கலனும் அப்படித்தான். முழுமையாக இருக்கும் கலத்தில் நீர்மட்டம் உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது என்று சொல்லும். உடைந்த கலத்தில், ஊற்றும் அளவு மாறாதவரை, அது உடைப்பு எங்கே இருக்கிறது என்றுதான் சொல்லும். என் வாசிப்பில், ஃபுகுஷிமாவில் பத்தாண்டுக்கு மேலாக நடந்துவரும் நீர்மட்டக் கண்காணிப்பின் சாரம் இதுதான். கேட்டது தண்ணீரின் அளவை; கிடைத்தது ஓட்டையின் முகவரி.

மூன்று உலைகளிலும் மூன்று மட்டங்கள் கிடைத்தன, மூன்று கதைகளோடு. 2012 அக்டோபரில் முதல் உலையில் கேமரா இறங்கியபோது நீர் சுமார் 2.8 மீட்டர் உயரத்தில் நின்றது. 2015 அக்டோபரில் மூன்றாவது உலையில் சுமார் 6.5 மீட்டர். ஒரே மாதிரியான காப்புக்கலன்கள், ஒரே விபத்து, ஒரே கடற்கரை; ஆனால் ஒவ்வொன்றும் வேறு இடத்தில் உடைந்திருந்தது.

மூன்றாவது உலையின் ஓட்டை, கேமரா உள்ளே போகும் முன்பே அகப்பட்டுவிட்டது. 2014 ஜனவரியில் தரைத்தளத்தில் இடிபாடுகளை அகற்றிக்கொண்டிருந்த ரோபோவின் கேமராவில், வடிகாலை நோக்கி நீர் ஓடுவது தற்செயலாகத் தெரிந்தது. அதன் ஊற்றைத் தேடிப்போனவர்கள் மே மாதத்தில் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். முதன்மை ஆவிக் குழாய் ஒன்று காப்புக்கலனைத் துளைத்து வெளியேறும் இடத்தில், வெப்பத்தால் குழாய் நீண்டு சுருங்க இடம்கொடுக்கும் நெளிவு மூட்டு கசிந்துகொண்டிருந்தது. அந்த மூட்டின் உயரமும் உள்ளே நீர் நின்ற உயரமும் பொருந்தின.

இரண்டாவது உலையில் ஓட்டை கீழே, வளையத் தொட்டியின் பக்கம் எங்கேயோ இருக்க வேண்டும் என்று 60 சென்டிமீட்டரே சொல்லிவிட்டது. அதை உறுதிசெய்யும் வேலை வளையத் தொட்டியின் வெளிச்சுவரில் நடந்தது. 2014 ஜனவரியில் ஒரு ரோபோ அந்தச் சுவரோடு ஒட்டி இறங்கி, எஃகின் வழியே மீயொலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு உள்ளே நீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்தது. தொட்டிக்குள் இருந்த மட்டமும் தொட்டிக்கு வெளியே அடித்தளத்தில் தேங்கிய நீரின் மட்டமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. உள்ளும் வெளியும் ஒரே நீர் என்றால் நடுவில் வழி இருக்கிறது. முதல் உலையில் 2013 நவம்பரில் கேமரா பொருத்திய சிறு படகை அடித்தள நீரில் மிதக்கவிட்டார்கள். காப்புக்கலனின் அடியிலிருந்து வரும், முறிந்துபோன வடிகுழாய் ஒன்றிலிருந்து நீர் கொட்டுவதை அது படம்பிடித்தது. வளையத் தொட்டியின் மேலே ஓடும் குழாயின் மூட்டு ஒன்றும் கசிவது அடுத்த ஆண்டு தெரிந்தது.

உருகிய எரிபொருளைத் தொட்ட நீர் இந்த ஓட்டைகள் வழியாகக் கட்டடங்களின் அடித்தளத்துக்கு வந்து, மலைப்பக்கமிருந்து ஊறிவரும் நிலத்தடி நீரோடும் மழைநீரோடும் கலந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டிகளில் சேர்த்து வைத்து, சுத்திகரித்து, 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடத் தொடங்கிய நீரின் பிறப்பிடம் இதுவே. அதைப் பற்றி உலகமெல்லாம் நடந்த விவாதத்தில் இந்த மூட்டுகளின் பேர் அடிபட்டதாக எனக்கு நினைவில்லை.

மட்டத்தை ஒருமுறை பார்த்தால் போதாது, தொடர்ந்து பார்க்க வேண்டும். கேமராவை உள்ளேயே விட்டுவைத்தால் கதிர்வீச்சு அதைத் தின்றுவிடும். எனவே எளிய வழிகளுக்குத் திரும்பினார்கள். காப்புக்கலனுக்குள் வெவ்வேறு உயரங்களில் வெப்பமானிகளைத் தொங்கவிட்டார்கள். நீருக்குள் இருப்பதன் வெப்பநிலை ஒருவிதமாகவும், வாயுவில் தொங்குவதன் வெப்பநிலை வேறுவிதமாகவும் மாறும். எந்த வெப்பமானி தன் குணத்தை மாற்றிக்கொள்கிறதோ அதன் உயரத்தை நீர்ப்பரப்பு கடந்திருக்கிறது. இன்னொரு வழி அழுத்தம்: நீருக்கு அடியில் இருக்கும் ஒரு புள்ளியின் அழுத்தத்திலிருந்து மேலே உள்ள வாயுவின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது நீரின் எடை. மூன்றாவது உலையின் மட்டத்தை இப்படித்தான் கணித்தார்கள். 2015இல் கேமரா பார்த்ததும் கணிப்பும் ஒத்துப்போயின. 9.19 மணியின் மானியும் அழுத்தத்தைக் கழித்துத்தான் சொன்னது என்பதை மறக்க வேண்டாம். இம்முறை கொதிக்கும் வெப்பம் அங்கே இல்லை, சரிபார்க்கக் கேமராவும் இருந்தது.

இந்தக் கண்காணிப்பின் பயன் 2021 பிப்ரவரி 13 இரவு தெரிந்தது. ஃபுகுஷிமா கடற்பகுதியில் 7.3 அளவிலான நிலநடுக்கம். நிலையத்தின் வெளிப்புறத்தில் பெரிய சேதம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆறு நாள் கழித்து டெப்கோ ஓர் அறிவிப்பு விட்டது: முதல் உலையின் காப்புக்கலனில் நீர்மட்டம் 40 முதல் 70 சென்டிமீட்டர்வரையும், மூன்றாவது உலையில் சுமார் 30 சென்டிமீட்டரும் இறங்கியிருக்கிறது. ஊற்றும் நீர் அதே அளவு. மட்டம் மட்டும் கீழே. பத்தாண்டு பழைய ஓட்டை பெரிதாகியிருக்க வேண்டும், அல்லது புதிதாக ஒன்று திறந்திருக்க வேண்டும். முதல் உலையில் வாயுவின் அழுத்தமும் விழுந்தது. மட்டம் மேலும் இறங்கியதால் மார்ச்சில் அங்கே மணிக்கு 3 கன மீட்டராக இருந்த பாய்ச்சலை 4 ஆகக் கூட்டினார்கள். அதே சமயத்தில் வேறொரு செய்தியும் வெளிவந்தது. மூன்றாவது உலைக் கட்டடத்தில் பொருத்திய இரண்டு நில அதிர்வுமானிகளும் முந்தைய ஆண்டே பழுதாகி, சரிசெய்யாமல் விடப்பட்டிருந்தன. கட்டடம் எவ்வளவு குலுங்கியது என்ற பதிவு அங்கே இல்லை. உருகிய உலையின் அடியில் நிற்கும் நீரை அளக்கத் தெரிந்தவர்களுக்கு மழையில் நனைந்த கருவியை மாற்ற நேரம் கிடைக்கவில்லை.

மட்டம் எவ்வளவு இருந்தால் நல்லது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. விபத்து நடக்கும் நாளில் எரிபொருள் மூழ்கும் அளவுக்கு நீர் வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் வளையத் தொட்டியின் மேலே இருக்கும் வாயு வெளியேற்றக் குழாயின் வாயே மூழ்கிவிடும். பிறகு அழுத்தத்தைத் தணிக்க வழியில்லை. இந்த வகைக் காப்புக்கலன்களில் கடும் விபத்திலும் வேலைசெய்யும் வெளியேற்ற வழி வேண்டும் என்று அமெரிக்க ஆணையம் 2013 ஜூனில் உத்தரவிட்டபோது, ஊற்றும் நீரை மட்டத்தைப் பார்த்துக் கட்டுப்படுத்துவதும் அந்த ஏற்பாட்டின் பகுதியானது. ஆண்டுகள் கடந்து எரிபொருள் ஆறிய பிறகு கணக்கு வேறு. 2019 மே மாதத்தில் இரண்டாவது உலையில் சுமார் எட்டு மணி நேரம் நீரை நிறுத்திப் பார்த்தார்கள். வெப்பம் பயப்படும்படி ஏறவில்லை. இப்போது அதிக நீர் சுமைதான். வளையத் தொட்டிகள் நீர் நிறைந்து கனத்தால் அடுத்த பெரிய நிலநடுக்கத்தை அவற்றின் தாங்குகால்கள் எப்படித் தாங்கும் என்ற கவலை இருக்கிறது. முதல் உலையில் அந்தக் கவலை கூடுதல்: 2023 மார்ச்சில் நீருக்கடியில் போன ரோபோ, உலைக்கலத்தைத் தாங்கும் பீடத்தின் அடியில் கான்கிரீட் கரைந்துபோய் இரும்புக் கம்பிகள் அம்மணமாக நிற்பதைக் காட்டியது.

எரிபொருளை எடுக்கும் திட்டத்தையும் மட்டமே மாற்றி எழுதியது. திரீ மைல் ஐலண்டில் செய்ததுபோல முழுவதும் நீர் நிரப்பி, அந்த நீரையே கதிர்வீச்சுத் தடுப்பாகக் கொண்டு மேலிருந்து அள்ளுவது முதல் யோசனை. அதற்கு எல்லா ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். மனிதர் நெருங்க முடியாத இடத்தில் எத்தனை ஓட்டைகள் என்று எண்ணவே முடியாதபோது அடைப்பது எப்படி? 2017 செப்டம்பரில் ஜப்பானிய அரசு தன் திட்டத்தைத் திருத்தி, நீர் நிரப்பாமல் பக்கவாட்டிலிருந்து நுழையும் வழியை முன்னே வைத்தது. 2012இல் கெட்ட செய்தியாக வந்த 60 சென்டிமீட்டர் இப்போது வசதியாகிவிட்டது. இரண்டாவது உலையில் பக்கவாட்டு நுழைவாய் நீருக்கு மேலே இருந்ததால், தூண்டில்போல நீளும் கருவியை அதன் வழியாகச் செலுத்தி, 2024 நவம்பரில் உருகிய எரிபொருளின் முதல் துணுக்கை வெளியே எடுத்தார்கள். எடை சுமார் 0.7 கிராம். மூன்று உலைகளிலும் சேர்த்து உள்ளே கிடப்பதாக மதிப்பிடுவது 880 டன்.

மூன்றாவது உலையில் அதே நுழைவாய் ஆறு மீட்டருக்கு மேல் நின்ற நீருக்கடியில் மூழ்கிக் கிடந்தது. 2017 ஜூலையில் அங்கே எரிபொருளைத் தேடிப்போன கருவி, மேலே இருந்த வேறொரு துளை வழியாக இறங்கி, நீந்தியே போக வேண்டியிருந்தது. அங்கே 2022இல் நீரை உறிஞ்சி மட்டத்தைக் கீழிறக்கும் வேலை தொடங்கியது. நீர் இறங்கினால் நுழைவாய் வெளியே வரும், தொட்டியின் சுமை குறையும். கூடவே, இத்தனை நாள் கதிர்வீச்சை மறைத்திருந்த திரையும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.